கால் எரிவுக்குத் தந்த குளிசை

(களுவாஞ்சிகுடிப் பக்கத்து ஊர் ஒன்றின் முதியோர் சங்கக் கூட்டத்தில் ஓய்வுபெற்ற மருந்தாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

வணக்கம். சீனி வருத்தத்தைப் பற்றிப் பேசச் சொல்லித்தான் தலைவர் என்னைக் கூப்பிட்டார். ஆனால் நான் ஒரேயொரு குளிசையைப் பற்றித்தான் பேசப் போகிறேன். அதன் பெயர் அமிட்ரிப்டிலின். பெயர் வாயில் நுழையாவிட்டாலும் உங்களில் பலருக்குக் குளிசையைத் தெரிந்திருக்கும். சீனி கூடி நரம்பு பழுதானவர்கள் கிளினிக்கில் "கால் எரியுது ஐயா" என்று சொன்னால், இரவில் போடச் சொல்லித் தருவார்களே, அந்தச் சின்னக் குளிசை.

நான் வேலையில் இருந்தபோது ஓர் அம்மா மருந்து ஜன்னலுக்கு வந்து, குளிசைப் பக்கற்றை அப்படியே என்னிடம் திருப்பி நீட்டினார்.

"மனே, மகன் கட்டாரில இருந்து போன்ல தேடிப் பாத்துச் சொன்னான், இது விசருக்குக் குடுக்கிற மருந்தாம். எனக்கு என்ன விசரா?"

இரவில் ஈரத்துணியைக் காலில் சுற்றிக்கொண்டு படுப்பாராம். அந்த எரிவோடு ஒரு மாதம் நித்திரையில்லாமல் கிடந்திருக்கிறார், குளிசையைத் தொடவில்லை. வைகாசியில் கண்ணகி அம்மனின் சினம் தணியக் குளிர்த்தி பாடுகிற ஊர் நாம். எரிவைத் தணிக்காமல் விடலாமா?

மகன் சொன்னது முழுப் பொய்யில்லை. இந்தக் குடும்பத்து மருந்துகளில் மூத்தது இமிப்ரமின். சுவிட்சர்லாந்தில் ரோலண்ட் குன் என்ற மனநல வைத்தியர் அதை வேறொரு மனநோய்க்குக் கொடுத்துப் பார்த்தார். அந்த நோய்க்குச் சரிவரவில்லை. ஆனால் சோர்ந்து கிடந்தவர்கள் எழும்பி நடமாடத் தொடங்கினார்கள். 1957இல் அதை எழுதி வெளியிட்டார். அமிட்ரிப்டிலின் 1961இல் பாவனைக்கு வந்தது. இந்த மருந்துகளின் மூலக்கூறு மூன்று வளையலைச் சேர்த்து வைத்தது போல இருக்கும், அதனால்தான் மூவளைய மருந்துகள் என்று பெயர். மனச்சோர்வுக்கு வந்த மருந்து நரம்பு வலியையும் அடக்குகிறது என்பது மறுகா தெரிந்த சங்கதி. ஒற்றைத் தலைவலி அடிக்கடி வராமல் தடுக்கவும் கொடுப்பார்கள்.

எப்படி வேலை செய்கிறது? நமது முகத்துவாரத்தை நினைத்துப் பாருங்கள். மண் திட்டுப் போட்டு வாய் அடைத்தால் வாவியில் தண்ணீர் தங்கும். நரம்புக்கு நரம்பு செய்தி கொண்டு போகும் செரட்டோனின், நோரட்ரினலின் என்ற இரண்டு இரசாயனங்களை, வேலை முடிந்ததும் நரம்பு திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். இந்தக் குளிசை அந்த வாயைக் கொஞ்சம் அடைக்கிறது. இரசாயனம் கூட நேரம் தங்கி நிற்கிறது, காலிலிருந்து ஏறிவரும் வலிச் செய்தி தணிகிறது. வாவி ஒரே நாளில் நிரம்பாது, இதுவும் அப்படித்தான். இரண்டு, மூன்று கிழமை பொறுக்க வேண்டும். நாலு நாள் போட்டுவிட்டு "ஒண்டும் கேக்கல்ல" என்று நிறுத்துகிறவர்கள்தான் அதிகம்.

வலிக்கு 10 மில்லிகிராமில் தொடங்கி மெல்ல மெல்லக் கூட்டுவார்கள். மனச்சோர்வுக்கு 150 வரைகூடப் போகும். இதற்குப் போதைக் குளிசை போல ஆள் அடிமையாவதில்லை. ஆனால் கன காலம் போட்டதைத் திடீரென்று நிறுத்தினால் ஓங்காளம், தலையிடி, நித்திரையின்மை வரும். வைத்தியர் சொல்கிறபடி படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

வாய் காயும். இதற்குச் சிலர் சோடா வாங்கிக் குடிக்கிறார்கள். சீனி வருத்தத்துக்குச் சோடாவா? பச்சைத் தண்ணீரை மிடறு மிடறாகக் குடியுங்கள். மலச்சிக்கல் வரும், பார்வை கொஞ்சம் மங்கும், உடம்பு வைக்கும். வயதான ஆண்களுக்கு, புரோஸ்டேட் வீக்கம் இருந்தால், சிறுநீர் அடைத்துக்கொள்ளும். வெட்கப்பட்டு மறைக்காமல் முதலே சொல்லிவிடுங்கள். கண்ணில் அழுத்தம் கூடும் குளுக்கோமா இருந்தாலும், வலிப்பு வந்திருந்தாலும் சொல்ல வேண்டும். அண்மையில் மாரடைப்பு வந்தவருக்கு இந்தக் குளிசையே கூடாது.

அப்புறம், எழும்பும்போது பிரஷர் சட்டென்று இறங்கும். நடுச்சாமத்தில் முற்றத்துக் கக்கூசுக்குப் போக எழும்பி, விழுந்து இடுப்பெலும்பை உடைத்தவர்களை எனக்குத் தெரியும். கட்டிலில் கொஞ்ச நேரம் இருந்து, மறுகா காலை ஊன்றுங்கள். இரவில் வாவிக்குத் தோணி கொண்டு போகிறவர்களும் விடியற்காலையில் லாண்ட்மாஸ்டர் ஓட்டுகிறவர்களும் தொழிலைச் சொல்லி, எத்தனை மணிக்குப் போடுவது என்று கேட்டுக்கொள்ளுங்கள். சாராயத்தோடு கூடவே கூடாது. தடிமனுக்குப் போடும் பிரிட்டன் (Piriton) குளிசைகூடத் தூக்கத்தையும் வாய்க்காய்வையும் இரட்டிப்பாக்கும். வலிக்கென்று தரும் ட்ரமடோல் இன்னும் மோசம், இரண்டும் சேர்ந்தால் வலிப்பே வரலாம். எந்த வைத்தியரிடம் போனாலும் கிளினிக் கொப்பியைக் கொண்டு போங்கள்.

இவ்வளவும் சமாளிக்கக்கூடியவை. நான் உண்மையில் பயப்படுவது வேறொன்றுக்கு. "விசர் மருந்து" என்ற பெயருக்கு நடுங்குகிற நாம், அதே குளிசையை பிஸ்கட் டின்னில் போட்டு அலுமாரிக்கு மேல் திறந்தபடி வைத்திருக்கிறோம். முகத்துவாரத்தைத் தேவைக்கு வெட்டாவிட்டால் மாரியில் ஊருக்குள் வெள்ளம் வரும், தெரியும்தானே? இந்த மருந்து அளவு மீறினால் இதயத் துடிப்பைக் குழப்பும், வலிப்பு, மயக்கம் வரும். பெரியவருக்கு ஒன்றும் செய்யாத சில குளிசைகள் சின்னப் பிள்ளைக்கு உயிராபத்து. மனச்சோர்வுக்கு இப்போது புளுவொக்செட்டின் போன்ற புது மருந்துகளை முதலில் கொடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பிள்ளை எடுத்து விழுங்கிவிட்டால், சிரித்து விளையாடிக்கொண்டுதானே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். சில மணித்தியாலத்தில் நிலைமை மாறிவிடும். வாந்தி எடுக்க வைக்கப் போகவும் வேண்டாம். 1990க்கு அடித்து சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், காலிப் பக்கற்றையும் கையோடு கொண்டு போங்கள். ஆஸ்பத்திரியில் ஈசிஜி பார்த்து, இதயம் குழம்பியிருந்தால் சோடியம் பைகார்பனேட் ஏற்றுவார்கள்.

இன்னொன்று, கொஞ்சம் மெதுவாகச் சொல்ல வேண்டியது. யுத்தத்தையும் 2004 டிசம்பர் 26 சுனாமியையும் கண்ட கரை இது. இங்கே துக்கம் பல நேரம் "நெஞ்சு எரியுது, உடம்பு நோகுது" என்றுதான் வெளியே வரும். வீட்டில் அப்படிச் சோர்ந்திருக்கிற ஒருவர் இருந்தால், முக்கியமாக இளம் ஆள் மருந்து தொடங்கிய முதல் கிழமைகளில், குளிசையை வேறொருவர் பூட்டி வைத்து, ஒவ்வொரு நாளுக்கும் உரியதை மட்டும் எடுத்துக் கொடுங்கள். பக்கத்தில் இருந்து கதை கேளுங்கள். 1926 என்று அடித்தால் தேசிய மனநல உதவிச் சேவையில் பேசலாம்.

அந்த அம்மா என்ன ஆனார் என்று கேட்பீர்கள். மகனுக்கு நானே போனில் விளக்கினேன். அம்மா குளிசை போட்டார். மூன்றாம் மாதம் வந்து, எரிவு பாதியாகிவிட்டது என்றார். கூடவே, "பக்கத்து வீட்டுக்காரிக்கும் நித்திரையில்ல, ரெண்டு குடுத்தன் மனே" என்றார். தலையில் கை வைத்துக்கொண்டேன். பக்கத்து வீட்டு அம்மா இதய நோயாளி.

சரி, வரும்போது வீட்டிலிருக்கிற குளிசைகளைக் கொண்டு வரச் சொல்லியிருந்தேன். பின்வரிசையில் சொப்பிங் பையோடு இருக்கிற ஐயா, நீங்கள் முதலில் வாங்க. இந்த மேசையில் கொட்டுங்கள், பார்ப்போம்.