பெப்பர்மின்ட் விதை வாங்கி ஏமாந்த கதை (கூடவே உங்கள் நாக்கு ஏமாறும் கதை)

[கையில் காலி விதைப் பாக்கெட்]

இந்தப் பாக்கெட்டைப் பாருங்கள் மக்களே. "பெப்பர்மின்ட் விதை, 200 எண்ணம்", விலை 99 ரூபாய். இணையத்தில் வாங்கினேன், எந்தக் கடை என்று கேட்காதீர்கள். விதைத்தேன், முளைத்தது. ஒரு மாதம் கழித்து இலையைக் கசக்கி முகர்ந்தால், நாகர்கோவில் வடசேரி சந்தையில் கட்டுக் கட்டாகக் கிடக்குமே, அதே சட்னிப் புதினா வாசம்!

பெப்பர்மின்ட் ஒரு கோவேறு கழுதை. குதிரையும் கழுதையும் சேர்ந்தால் கோவேறு கழுதை பிறக்கிறது, ஆனால் அது குட்டி போடாது. அப்படித்தான் தண்ணீரோரம் வளரும் நீர்ப்புதினாவும் நம்முடைய சட்னிப் புதினாவும் கலந்து பிறந்தது இந்தச் செடி. ஒன்றுக்கு 96 குரோமோசோம், இன்னொன்றுக்கு 48, பிள்ளைக்கு 72. கணக்கு ஒத்துப்போகாததால் விதை பிடிப்பதில்லை. அபூர்வமாக ஒன்றிரண்டு பிடித்தாலும் தாய்ச்செடியைப் போல வராது. செடிகொடிகளுக்கு அறிவியல் பெயர் வைத்த ஸ்வீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸே 1753-இல் இதைத் தனி இனம் என்று நம்பிப் பெயர் வைத்துவிட்டார். அவ்வளவுதான் வரலாறு, நகர்வோம்.

[இரண்டு இலைகள், மிக அருகில்]

அடையாளம் காண ஒரு வழி சொல்கிறேன். இடது கையில் சந்தைப் புதினா. இலை தண்டோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது, காம்பே இல்லாத மாதிரி. வலது கையில் பெப்பர்மின்ட். குட்டியாக ஒரு காம்பு தெரிகிறதா? தண்டிலும் லேசான ஊதா ஓடும். இந்தச் செடி குலசேகரத்தில் இருக்கும் என் சித்தி வீட்டிலிருந்து வந்தது. இரண்டு கணு உள்ள தண்டைக் கிள்ளி, கீழ் இலைகளை எடுத்துவிட்டு, ஒரு தம்ளர் தண்ணீரில் ஜன்னலோரம் வைத்தேன். பத்து நாளில் வெள்ளை வேர். செலவு பூஜ்யம்.

வளர்ப்பதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஆழத்தைவிட அகலமான தொட்டி, மண்ணோடு தென்னைநார்க் கழிவும் தொழு உரமும், காலை வெயில், மதியம் நிழல். நாகர்கோவில் மொட்டைமாடியில் சித்திரை வெயிலுக்குக் கொடுத்தால் கருகிப்போகும். நமக்கு இரண்டு மழைக்காலம், அதுதான் சிக்கல். ஆனி ஆடிச் சாரலிலும் ஐப்பசி மழையிலும் தொட்டியில் தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிவிடும். தரையில் மட்டும் நடாதீர்கள், அது மண்ணுக்கடியில் ஓடிப் பக்கத்துப் பாத்தியைப் பிடித்துவிடும்.

ஒரு விஷயம் நமக்குச் சாதகம். பூப்பதற்கு இதற்கு நீண்ட பகல் வேண்டும். குமரி முனையில் ஆண்டின் மிக நீண்ட பகலே பன்னிரண்டரை மணி நேரத்தைச் சுற்றித்தான். அதனால் இங்கே பூ வருவது அபூர்வம். எண்ணெய்க்காகப் பயிரிடுகிறவர்களுக்கு அது நஷ்டம், கிள்ளிக் கிள்ளி இலை பறிக்கும் நமக்குக் கவலையில்லை.

சரி, இப்போதுதான் எனக்குப் பிடித்த இடம். ஒரு இலையை மென்று பார்க்கிறேன்.

[மெல்லுகிறார், கண்ணை மூடுகிறார்]

முதலில் நல்லமிளகு கடித்த மாதிரி ஒரு சுருக். அறிவியல் பெயரில் இருக்கும் 'பைபெரிட்டா'வுக்கே மிளகு போன்றது என்றுதான் பொருள். அடுத்து, ஜில்! வெளியே வியர்த்துக் கொட்டுகிறது, வாய்க்குள் பனிக்கட்டி. தெர்மாமீட்டரை வாயில் வைத்துப் பார்த்தேன், ஒரு புள்ளிகூட இறங்கவில்லை. பின்னே எங்கிருந்து வந்தது குளிர்?

எங்கிருந்தும் வரவில்லை, பொய்! நம் நரம்பு நுனிகளில் குளிரைச் சொல்லும் கதவு ஒன்று இருக்கிறது. சாதாரணமாகச் சுமார் 26 டிகிரிக்குக் கீழே போனால்தான் அது திறக்கும். பெப்பர்மின்ட்டில் இருக்கும் மென்தால் அந்தக் கதவின் காவல்காரனை ஏமாற்றி, அதிக வெப்பத்திலேயே திறக்க வைக்கிறது. மூளைக்கு "ஐயோ குளிருது" என்று செய்தி போய்விடுகிறது. மிளகாய் இதற்கு நேர் எதிர்: சுடும்போது திறக்க வேண்டிய கதவை அது சும்மாவே திறந்துவிடும். மிளகாய்க் கதவை அமெரிக்க விஞ்ஞானி டேவிட் ஜூலியஸின் குழு 1997-இல் கண்டுபிடித்தது. குளிர்க் கதவை 2002-இல் அவரும் இன்னொரு விஞ்ஞானி ஆர்டெம் படபூட்டியனும் தனித்தனியாகக் கண்டுபிடித்தார்கள், மென்தாலை வைத்தே! 2021 மருத்துவ நோபல் பரிசு இவர்கள் இருவருக்கும்தான். மிளகாயும் புதினாவும் சேர்ந்து துவையல் ஆகும் என்று தெரியும், நோபலும் ஆகும் என்று எனக்குத் தெரியாது.

இன்னொன்று. சளி பிடித்தால் மென்தால் தைலம் போட்டு ஆவி பிடித்து "மூக்கு திறந்துவிட்டது" என்போமே? மென்தால் அடைப்பை நீக்குவதில்லை. காற்று குளிர்ச்சியாகப் போவதாக உணரவைக்கிறது, அவ்வளவுதான். தெரிந்தும் நான் பிடிக்கத்தான் செய்கிறேன், சுகமாக இருக்கிறதே.

அடுப்படிக்கு வாருங்கள். இதில் துவையல் மட்டும் அரைக்காதீர்கள். நான் அரைத்தேன். தோசைக்குப் பற்பசை தொட்டுச் சாப்பிட்ட மாதிரி இருந்தது, அம்மா இன்றுவரை மன்னிக்கவில்லை. துவையலுக்குச் சந்தைப் புதினாவே ராஜா. பெப்பர்மின்ட்டுக்கு இனிப்பும் புளிப்பும் ஜோடி. எலுமிச்சைச் சாற்றில் நான்கு இலை, நுங்கு சர்பத்தில் இரண்டு இலை, அப்புறம் ஆறிய அக்கானியில் (பதநீரில்) ஒரே ஒரு இலை கசக்கிப் போட்டுப் பாருங்கள், அடடா! சாயா வேண்டுமென்றால் ஏழெட்டு இலையில் கொதிநீர் ஊற்றி உடனே தட்டால் மூடுங்கள். வாசமே எண்ணெய்தான், திறந்து வைத்தால் ஆவியோடு போய்விடும். ஐந்து நிமிடம் போதும், இனிப்புக்கு மார்த்தாண்டம் தேன்.

மருந்து என்றால்? குடல் தசையை இது தளர்த்தும். அதனால்தான் எரிச்சல்குடல் நோய்க்குக் குடலில் போய்க் கரையும் எண்ணெய்க் குளிகைகளை மருத்துவர்கள் தருகிறார்கள். அதே தளர்ச்சி உணவுக்குழாயின் அடி வாசலிலும் நடப்பதால், நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு இது ஆகாது. கைக்குழந்தையின் மூக்கிலோ முகத்திலோ மென்தால் தைலம் தடவவே கூடாது, மூச்சு முட்டக்கூடும். எண்ணெயை நேராகக் குடிக்கவும் வேண்டாம்.

சித்தியின் தொட்டி நிரம்பி வழிகிறது. நாகர்கோவில், தக்கலை பக்கம் இருப்பவர்கள் கீழே எழுதுங்கள், தண்டு தருகிறேன். விதை இருக்கிறதா என்று மட்டும் யாரும் கேட்காதீர்கள்.