நடப்பதும் கதைதான், நடுவர் அவர்களே

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். எளிய மனிதர்களின் வாழ்க்கையை நம் மனதில் நிறுத்துவது விறுவிறுப்பான படமா, அமைதியான படமா என்பது தலைப்பு. நான் அமைதியான படத்தின் பக்கம்.

எதிரணி நண்பர் சற்றுமுன் 'கூழாங்கல்' படத்தைச் சொல்லி, "அப்பனும் மகனும் வெயிலில் நடக்கிறார்கள், படம் முடிந்துவிடுகிறது, இதில் என்ன கதை?" என்று கேட்டார், கைதட்டலும் வாங்கினார். சரி, அந்த நடையையே எடுத்துக்கொள்வோம்.

மேலூர்ப் பக்கத்து வறண்ட காடு. குடித்துவிட்டு வந்த கணபதி, பள்ளிக்கூடத்தில் இருக்கும் மகன் வேலுவை இழுத்துக்கொண்டு, கோபித்துத் தாய்வீடு போன மனைவியைக் கூட்டிவரப் போகிறான். அங்கே அவள் இல்லை, சண்டைதான் மிச்சம். திரும்பும்போது பையன் பஸ்ஸுக்கான பணத்தைக் கிழித்துப் போட்டுவிடுகிறான். அதனால்தான் 13 கிலோமீட்டர் நடை. கதை இல்லை என்கிறீர்களே, ஒரு சின்னப் பையன் தன் அப்பனுக்குக் கொடுக்கும் தண்டனை நண்பரே அது! அடிக்கத் தெம்பில்லாத பையன், கையில் கிடைத்த கண்ணாடித் துண்டில் வெயிலைப் பிடித்து அப்பன் முதுகில் அடிக்கிறானே, அதற்கு எந்த வசனம் ஈடாகும்? தாகத்துக்கு ஒரு கூழாங்கல்லை வாயில் அடக்கிக்கொண்டு நடக்கிறான். வீட்டுக்கு வந்ததும் அதை எடுத்து வைக்கிற இடத்தில் ஏற்கெனவே கூழாங்கற்கள் குவிந்து கிடக்கின்றன. அப்படியென்றால் இந்த நடை இவனுக்கு எத்தனையாவது நடை? படம் அதைச் சொல்லவில்லை. நாம் எண்ணிப் பார்க்கிறோம், எண்ணும்போது வயிற்றைப் பிசைகிறது.

யுவன் சங்கர் ராஜா இசை என்று பெயர் போடுகிறார்கள், ஆனால் படத்தில் பெரும்பாலும் கேட்பது காற்றும் காலடியும்தான். அழவேண்டிய இடத்தில் வயலின் வந்து நம்மைத் தட்டிவிடுவதில்லை. வழியில் எலி பிடித்துச் சுட்டுத் தின்னும் ஒரு குடும்பம் வருகிறது. அவர்களைப் பாவம் என்றும் காட்டவில்லை, விநோதம் என்றும் காட்டவில்லை, பசிக்கு வேலை செய்கிறவர்களாகக் காட்டுகிறது. இந்த மரியாதையை நான் பெரிய படங்களில் அதிகம் பார்த்ததில்லை.

கணவன் விரட்டியதால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடந்தே வீடு வந்த தன் சகோதரியின் வேதனையிலிருந்து இந்தக் கதை பிறந்தது என்று இயக்குநர் பி.எஸ்.வினோத்ராஜ் சொல்லியிருக்கிறார். முக்கால் மணி நேரப் பாட்டும் சண்டையும் சேர்த்து அந்த நடையைச் சுருக்கியிருந்தால் அது அந்தப் பெண்ணுக்குச் செய்த துரோகமாக இருந்திருக்கும். 2021இல் நெதர்லாந்தின் ரோட்டர்டாம் திரைப்பட விழாவில் அதன் முதன்மைப் பரிசான டைகர் விருது வாங்கிய படம், ஆஸ்கருக்கு இந்தியா அனுப்பிய படம், நம் மக்களுக்கு 2023 அக்டோபரில் ஓடிடியில்தான் கிடைத்தது. அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

"மக்கள் பொறுமையாகப் பார்க்க மாட்டார்கள்" என்றார் நண்பர். நான் இதை என் அம்மாவோடு பார்த்தேன். கரிசல் காட்டில் களை எடுத்தே பாதி வயதைக் கழித்தவர், உலக சினிமா என்ற வார்த்தையே தெரியாது. கடைசிக் காட்சியில் பெண்கள் ஒரு ஊற்றுக்குழியைச் சுற்றி உட்கார்ந்து, ஊறுகிற தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மொண்டு குடத்தில் ஊற்றுகிறார்கள். கேமரா நகரவே இல்லை. அம்மா போய்ப் படுத்திருப்பார் என்று திரும்பிப் பார்த்தால், டிவிக்குப் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்திருக்கிறார். "இப்படித்தான் ஊறுற வரைக்கும் உட்கார்ந்திருப்போம், அவசரப்பட்டா கலங்கிரும்" என்றார். அப்புறம் அந்தக் காலத்தில் தன்னோடு தண்ணீர் எடுக்க வந்த பெண்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். அதுவரை எங்கள் வீட்டில் யாரும் அதைக் கேட்டதே இல்லை.

படம் முடிந்ததும், "அந்தத் தண்ணி மோக்குறத மட்டும் இன்னொரு தடவை போடு" என்றார். போட்டேன், நடுவர் அவர்களே.