அம்பாசடரின் அமுங்கிய முன்னிருக்கை: கரூர் நேயரின் சந்தேகத்துக்கு விளக்கம்

கரூரிலிருந்து ஒரு நேயர் கேட்டிருக்கிறார். அவருடைய தந்தை வாங்கிய 1986 மாடல் அம்பாசடரை இன்றும் அவர் ஓட்டுகிறார். அதன் முன்னிருக்கை, ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை ஒரே நீளமானது. அதில் ஓட்டுநர் உட்காரும் வலப்பக்கம் மட்டும் குழிவிழுந்து, அரை மணி நேரம் ஓட்டினாலே இடுப்பு வலிக்கிறதாம். குஷன் கடைக்காரர், பழையதைப் பிரிக்காமல் மேலே 2 அங்குல ஃபோம் வைத்துப் புது ரெக்சின் தைத்து ஒரே நாளில் கொடுத்துவிடுவதாகச் சொல்கிறார். செய்யலாமா என்பது கேள்வி. இதைப் படித்ததிலிருந்து மனம் இதையே சுற்றிக்கொண்டிருக்கிறது, ஏனென்றால் இதே காரியத்தை நானும் ஒருமுறை செய்து கெட்டிருக்கிறேன்.

செய்ய வேண்டாம். தொடர்ந்து கேட்டுவருபவர்களுக்கு நான் அடுத்து என்ன சொல்லப்போகிறேன் என்பது தெரிந்திருக்கும்: கீழிருந்து பாருங்கள். வண்டியின் தரை துருப்பிடிப்பதைப் பற்றிப் பேசியபோது விரிப்பைத் தூக்கச் சொன்னேன். இன்று இருக்கையைக் கவிழ்க்கச் சொல்கிறேன். அந்தக் காலத்து ஸ்பிரிங் இருக்கையில் அடியில் இரும்புச் சட்டம், அதன்மேல் ஸ்பிரிங் வரிசை, அதன்மேல் சாக்குத் துணி, பிறகு ரப்பர் பால் தெளித்து இறுக்கிய தேங்காய் நார் அல்லது ஃபோம், கடைசியில்தான் நம் கண்ணுக்குத் தெரியும் ரெக்சின். குழி மேலே தெரிகிறது என்பதற்காக நோயும் மேலேயே இருக்கும் என்று நினைத்துவிடுகிறோம்.

எங்கள் வீட்டு அம்பாசடரில் 2 அங்குல ஃபோமை ஏற்றிய முதல் மாதம் எனக்கு ஒரே பெருமை. தலைமுடி கூரையை உரசியதையும், ஸ்டீயரிங்கின் கீழ் விளிம்பு தொடையில் இடித்ததையும்கூடப் பொருட்படுத்தவில்லை. மூன்றாம் மாதம் குழி பழைய இடத்திலேயே திரும்பி வந்தது. பிரித்துப் பார்த்தபோது, புது ஃபோமைத் தாங்க வேண்டிய பழைய நார் மெத்தை மூக்குப்பொடி போலப் பழுப்புத் தூளாக உதிர்ந்திருந்தது. ஃபோமின் அடிப்பக்கத்தில் வளையலை அழுத்தி எடுத்தது போல வட்ட வட்டமாகத் தடங்கள். ஓரிடத்தில் ஸ்பிரிங் ஃபோமை அறுத்துக்கொண்டே மேலேறியிருந்தது. இடையில் இருந்த சாக்கு கிழிந்ததால் வந்த வினை இது. ஆனால் ஸ்பிரிங்குகளில் ஒன்றுகூட ஒடியவில்லை என்பதைத்தான் இன்று வரை மறக்க முடியவில்லை. அவற்றை ஒன்றோடொன்று பிணைத்திருந்த கட்டுகள் அறுந்துபோய், மூன்று ஸ்பிரிங்குகள் குடிகாரனைப் போல ஒருபுறமாகச் சாய்ந்து நின்றன. கட்டுகளை மாற்றி அவற்றை நிமிர்த்தியதும் பாதிக் குழி அப்போதே காணாமல் போயிற்று.

ஆகவே கரூர் நேயர், இருக்கையைக் கழற்றித் தலைகீழாக ஒரு பலகைமேல் வைத்து, ஒவ்வொரு ஸ்பிரிங்காகக் கையால் அசைத்துப் பாருங்கள். சரியான உயரம் எது என்று அறிய எந்தப் புத்தகமும் தேவையில்லை. பெரும்பாலும் ஆள் உட்காராத இடப்பக்கமே உங்களுக்கு அளவுகோல். ஸ்பிரிங்குகளைச் சரிசெய்து இருக்கையை மறுபடி நிமிர்த்திய பின், நேரான சட்டம் ஒன்றைக் குறுக்கே வைத்து, இரு பக்கமும் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அளந்துகொண்டால், எத்தனை அங்குல ஃபோம் வேண்டும் என்பதைக் கடைக்காரருக்கு நீங்களே சொல்லலாம். ஸ்பிரிங் வரிசையைச் சரிசெய்து, துருவைத் தேய்த்து வண்ணம் பூசி, புதுச் சாக்கை இழுத்துக் கட்டிய பிறகுதான் ஃபோமின் பேச்சே வர வேண்டும்.

ஃபோம் வாங்கும்போது கையால் அழுத்திப் பார்த்து ஏமாறாதீர்கள். 40 டென்சிட்டி (அடர்த்தி) என்றால் ஒரு கன மீட்டர் 40 கிலோ எடை இருக்கும் என்றுதான் பொருள். கெட்டித்தனம் வேறு கணக்கு. 50 சென்டிமீட்டர் நீளம், அதே அகலம், 5 சென்டிமீட்டர் கனமுள்ள துண்டு ஏறக்குறைய அரைக் கிலோ இருக்க வேண்டும். மளிகைக் கடைத் தராசில் வைத்தால் உண்மை தெரிந்துவிடும். துண்டுகளை ஒட்டும்போது ரப்பர் பசையை இரு பக்கமும் மெல்லியதாகப் பூசி, கையில் ஒட்டாத பதம் வரும் வரை காத்திருந்து அழுத்துங்கள். உட்காரும் இடத்துக்கு நேர் கீழே இணைப்பு வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், காய்ந்த பசை தழும்பு போலக் கெட்டியாகித் தொடையை உறுத்தும்.

ரெக்சினா துணியா என்பது அவரவர் விருப்பம். வெயிலில் நின்ற வண்டியின் ரெக்சின் எப்படிச் சுடும் என்பது, இருக்கையில் வெள்ளைத் துண்டு விரித்த அரசு அம்பாசடர்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

உண்மையில் அவர் கேட்டிருக்க வேண்டியது வேறு: வலக்கோடி ஓரம் மட்டும் ஏன் முதலில் தொய்கிறது? நம் ஊரில் ஓட்டுநர் வலக்கதவு வழியாக ஏறுகிறார். முழு எடையையும் அந்த விளிம்பில் இறக்கி, பிறகு உள்ளே நகர்கிறார். இறங்கும்போதும் அங்கேயே. விளிம்புக் கம்பி வளைகிறது, அதை ஒட்டிய கட்டுகள் முதலில் அறுகின்றன, பிறகு பக்கத்து ஸ்பிரிங்குகள் ஒவ்வொன்றாகச் சாய்கின்றன. எனவே கவிழ்த்துப் பார்க்கும்போது, குழியின் நடுவில் தொடங்காமல் கதவோர விளிம்புக் கம்பியில் தொடங்குங்கள். அது வளைந்திருந்தால் முதலில் அதை நிமிர்த்தி, இரட்டைக் கட்டுப் போடச் சொல்லுங்கள்.