மலைக் குளிரில் ஒரு ட்ரம்பெட்

உதகை வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நீலகிரியில் ட்ரம்பெட் ஊதுகிறவர்கள் பல இடங்களில் இருக்கிறார்கள். வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமென்ட் மையத்தின் பேண்டு இருக்கிறது. தேவாலயங்களில் கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் ஊதுகிறவர்கள் உண்டு. கல்யாணத்துக்கும் சாவுக்கும் போகிற பேண்டு செட்டுகள் உண்டு. இவர்களில் மூன்று பேர் டீக்கடையில் உட்கார்ந்தால், பேச்சு கடைசியில் வாத்தியத்தில் வந்து நிற்கும். ஒருவர் யமஹாதான் என்பார். இன்னொருவர் பாக் கம்பெனி ட்ரம்பெட்டுக்கு ஈடே இல்லை என்பார். மூன்றாமவர், "மூச்சும் உதடும் சரியா இருந்தா எதை வேணும்னாலும் ஊதலாம்ப்பா" என்று முடித்துவிடுவார்.

நான் பல வருஷமாகப் பிள்ளைகளுக்கு ட்ரம்பெட் சொல்லிக் கொடுத்து வருகிறேன். அந்த மூன்றாமவர் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. அவர் கையில் இருப்பது ஒழுங்கான வாத்தியம். விரலால் அமுக்குகிற பொத்தானான வால்வு, அமுக்கினால் இறங்கும், விட்டால் ஏறும், சுருதி நிற்கும். அதனால்தான் அவருக்கு வாத்தியம் ஒரு பொருட்டாகத் தெரிவதில்லை. காற்று ஒழுகும் ட்ரம்பெட்டோடு மல்லுக்கட்டுகிற பத்து வயதுப் பிள்ளையிடம் போய் அதைச் சொல்வது நியாயமே இல்லை. மேல் ஸ்வரம் எழும்பாவிட்டால் அந்தப் பிள்ளை வாத்தியத்தைச் சந்தேகிக்காது, தன்னைத்தான் சந்தேகிக்கும். கொஞ்ச நாளில் விட்டும்விடும்.

அப்படியானால் விலை அதிகமானதை வாங்க வேண்டுமா? அதுவும் இல்லை. முதலில் பார்க்க வேண்டியது வால்வு. பி ஃப்ளாட் சுருதியில் செய்த சாதாரண ட்ரம்பெட்டின் குழாயை நிமிர்த்திப் போட்டால் ஒன்றரை மீட்டருக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். நடு வால்வை அமுக்கினால் சுருதி அரை ஸ்வரம் இறங்கும், முதல் வால்வு ஒரு முழு ஸ்வரம், மூன்றாவது ஒன்றரை. வால்வுக்குள் ஏறி இறங்கும் பிஸ்டனுக்கும் அது ஓடும் கூட்டுக்கும் நடுவே தலைமுடி கனம்கூட இடைவெளி இருக்கக் கூடாது. இதைச் சோதிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. வால்வை அமுக்காமல், அதனோடு சேர்ந்த இழுகுழாயான ஸ்லைடைக் கொஞ்சம் வெளியே இழுங்கள். இரண்டு விநாடி பொறுத்து வால்வை அமுக்குங்கள். 'பொப்' என்று சத்தம் வந்தால் காற்று ஒழுகவில்லை. சத்தமே வராவிட்டால், எந்தக் கம்பெனி பெயர் பொறித்திருந்தாலும் அது தேய்ந்துபோன வாத்தியம்.

மலையில் இருப்பவர்களுக்கு இன்னொன்று சொல்ல வேண்டும். வால்வு எண்ணெய் கிடைக்கவில்லை என்று தேங்காயெண்ணெய் விடுகிறவர்கள் உண்டு. தயவுசெய்து விடாதீர்கள். தேங்காயெண்ணெய் 24 டிகிரி வாக்கில் உறைந்துபோகும். ஊட்டியில் வருஷத்தில் முக்கால்வாசி நாள் அதற்குக் கீழேதான். குளியலறையில் புட்டிக்குள் கட்டியாக நிற்கிற எண்ணெய் வால்வுக்குள் போனால் என்ன ஆகும்? பாட்டு நடுவே வால்வு கீழேயே நின்றுவிடும். வாத்தியத்தின் மேல் சொல்லப்படும் குறைகளில் நிறைய இப்படி எண்ணெயால் வருபவை.

அப்புறம் சுருதி. "மேலே காற்று லேசு, அதான் சுருதி மாறுது" என்று இங்கே பலரும் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பது சுருதியை மாற்றுவதில்லை, மாற்றுவது குளிர். காற்றில் ஒலியின் வேகம் வெப்பநிலையைப் பொறுத்தது. குழாய்க்குள் இருக்கும் காற்று 10 டிகிரி குளிர்ந்தால், சுருதி அரை ஸ்வரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இறங்கிவிடும். டிசம்பரில் நள்ளிரவு ஆராதனையில் கீபோர்டு தன் சுருதியில் நிற்க, ட்ரம்பெட் மட்டும் கீழே தொங்குவது இதனால்தான். அதே வாத்தியத்தோடு ஒரு முகூர்த்தத்துக்கு மேட்டுப்பாளையம் இறங்கினால் வெயிலில் சுருதி ஏறிக்கொள்ளும். சுருதி சேர்க்கும் டியூனிங் ஸ்லைடை வெளியே இழுக்க வேண்டும். மேலே வந்தால் உள்ளே தள்ள வேண்டும். களிம்பேறி இறுகிப்போன ஸ்லைடில் இரண்டுமே நடக்காது. பாட்டு தொடங்குமுன் சத்தமில்லாமல் வெறும் காற்றைக் குழாய்க்குள் ஊதிச் சூடாக்குங்கள். உதட்டை வைத்து ஊதும் மவுத்பீஸைச் சட்டைப் பையில் வைத்திருங்கள். இதற்குக் காசு செலவில்லை.

பித்தளையின் ரகம், தகட்டின் கனம் என்று மணிக்கணக்கில் வாதிடுகிறவர்களுக்கு ஒரு செய்தி. பிரிட்டனில் ரிச்சர்ட் ஸ்மித் என்ற வாத்திய வடிவமைப்பாளர், பெல் எனப்படும் விரிந்த வாயின் கனம் மட்டும் வேறுபடும் ட்ராம்போன் என்ற பித்தளை வாத்தியங்களைத் தேர்ந்த கலைஞர்களிடம் கொடுத்து, எது எது என்று தெரியாதபடி வாசிக்கச் சொன்னார். அவர்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. குழாயின் உள் வடிவம்தான் ஒலியைத் தீர்மானிக்கிறது. ஆக, வெளியே மின்னும் பூச்சுக்குக் காசு கொட்ட வேண்டியதில்லை.

வாத்தியம் முக்கியமில்லை என்பதற்கு அமெரிக்க ஜாஸ் ட்ரம்பெட் கலைஞர் டிஸ்ஸி கில்லெஸ்பியின் கதையைச் சொல்வார்கள். 1953இல் ஒரு விருந்தில் யாரோ அவருடைய ட்ரம்பெட் மேல் விழ, பெல் மேல்நோக்கி வளைந்துபோனது. அவர் அதையே ஊதினார் என்பதோடு கதையை நிறுத்திவிடுகிறார்கள். மீதியும் உண்டு. வளைந்த பெல்லிலிருந்து தன் ஒலி தன் காதுக்கு நன்றாகக் கேட்பதை அவர் கவனித்தார். அதன்பிறகு அப்படியே வளைத்துச் செய்யச் சொல்லி வாங்கி, வாழ்நாள் முழுக்க ஊதினார். வாத்தியத்தை அவ்வளவு கூர்ந்து கவனித்த ஒருவரை, எதுவானாலும் சரி என்றவராகச் சொல்லக் கூடாது.

இன்னும் பின்னே போனால், ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஹைடன், ஆர்கெஸ்ட்ராவோடு ட்ரம்பெட் தனித்து ஒலிக்கும் தன் கான்செர்ட்டோவை 1796இல் எழுதியதே, வைடிங்கர் என்ற ட்ரம்பெட் கலைஞரிடம், துளைகளைத் திறந்து மூடும் சாவிகள் பொருத்திய புது மாதிரி ட்ரம்பெட் இருந்ததால்தான். சாவியோ வால்வோ இல்லாத குழாயில் உதட்டால் எழுப்பக்கூடியவை குறிப்பிட்ட சில ஸ்வரங்கள் மட்டுமே. நம் மலையின் கோத்தர் பழங்குடியினர் ஊதும் கொம்பும் அந்த வகைதான். அதன் அழகே வேறு, அதை இன்னொரு நாள் பேச வேண்டும்.

கையில் கொஞ்சம்தான் பணம் இருக்கிறது என்றால், ட்ரம்பெட்டை மாற்றுமுன் மவுத்பீஸை மாற்றுங்கள். வெள்ளிப் பூச்சு தேய்ந்து பித்தளை தெரிகிற மவுத்பீஸ் பிள்ளையின் உதட்டைப் புண்ணாக்கலாம். மீரட்டில் செய்யும் வாத்தியங்கள் நம் பேண்டு செட்டுகளில் நிறைய. கைவேலை என்பதால் ஒன்றைப் போல் இன்னொன்று இருக்காது. யாராவது தெரிந்தவரை அழைத்துப் போய், ஊதிப் பார்த்து எடுங்கள். நன்றாகப் பராமரித்த பழையது கிடைத்தால் இன்னும் நல்லது. வாங்கியபின், ஊதி முடித்ததும் குழாயில் சேர்ந்த தண்ணீரை வடித்துவிட்டு, ஈரம் உலர்ந்த பிறகே பெட்டியில் மூடுங்கள். நம் மழைக்காலத்தில் ஈரத்தோடு மூடி வைத்தால், பித்தளையிலிருந்து துத்தநாகம் பிரிந்து செம்புநிறப் புள்ளிகள் விழும். குழாய் உள்ளிருந்தே அரிக்கும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் தேவாலய அலமாரியிலோ பள்ளிக்கூட ஸ்டோர் அறையிலோ ஊத ஆளில்லாமல் ஒரு ட்ரம்பெட் கிடக்கலாம். அதை வெளியே எடுங்கள். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள், கொதிநீர் வேண்டாம். வால்வு ஃபெல்ட்டையும் தண்ணீரை வடிக்கும் வாட்டர் கீயின் கார்க்கையும் புதிதாக மாற்றுங்கள். 'பொப்' சத்தம் வருகிறதா என்று பாருங்கள். வந்தால், கற்றுக்கொள்ள ஆசைப்படுகிற ஒரு பிள்ளையிடம் கொடுத்துவிடுங்கள். கூடவே ஒரு புட்டி நல்ல வால்வு எண்ணெயும் வாங்கிக் கொடுங்கள்.

நன்றி. வணக்கம்.