வெயிலில் தோட்டம்: எதற்கு முதலில் நீர்?

நேயர்களுக்கு வணக்கம்.

மழை பொய்த்து, வெயில் வழக்கத்தைவிட முன்னதாகவே வந்துவிடும் ஆண்டுகளில் தோட்டம் வைத்திருப்போர் பெரும்பாலும் ஒன்றைச் செய்கிறார்கள். மாலையானதும் குழாயை எடுத்துக்கொண்டு எல்லாச் செடிகளையும் ஒரு சுற்று நனைத்துவிட்டு வருகிறார்கள். மண் கறுத்து, குளிர்ந்து, பார்க்க நிறைவாக இருக்கும். அந்த இடத்தில் விரலை விட்டுக் கிளறிப் பாருங்கள். ஓர் அங்குலத்துக்குக் கீழே பொடிமண்தான் இருக்கும். மேலே நின்ற ஈரமும் மறுநாள் வெயில் ஏறுவதற்குள் ஆவியாகிவிடும். நாள்தோறும் இப்படியே தெளித்து வந்தால், வேர்களும் ஈரத்தைத் தேடி மேல்மண்ணிலேயே படர்ந்துவிடுகின்றன. கோடையில் முதலில் கொதிப்பதும் முதலில் காய்வதும் அந்த மேல்மண்தான். அன்போடு செய்கிற காரியமே செடியைப் பலவீனமாக்குகிறது என்பது எனக்கு எப்போதும் வருத்தம் தருவது.

ஒரு சதுர மீட்டர் நிலத்தில் ஒரு லிட்டர் நீர் ஊற்றினால் அது ஒரு மில்லிமீட்டர் மழைக்குச் சமம். அந்த அளவுள்ள ஒரு பாத்திக்கு நாளொன்றுக்கு 3 லிட்டர் தெளிக்கிறீர்கள் என்றால், வாரத்துக்கு 21 லிட்டர் செலவாகிறது. அதே நீரை வாரத்தில் இரண்டு முறையாகப் பிரித்து, ஒவ்வொரு முறையும் பத்து லிட்டருக்குக் குறையாமல், தூரைச் சுற்றி மெதுவாக ஊற்றுங்கள். நீர் ஆழத்துக்கு இறங்கும். வேரும் அதன் பின்னே இறங்கும். அதிகாலைதான் இதற்கு ஏற்ற நேரம். நாற்றுகளுக்கும் அண்மையில் நட்ட செடிகளுக்கும் இந்தக் கணக்குப் பொருந்தாது. அவற்றின் வேர் இன்னும் மேலேயே இருப்பதால் அடிக்கடி ஊற்றத்தான் வேண்டும்.

நீர் போதாத ஆண்டில் எல்லாவற்றையும் காப்பாற்ற முடியாது. எதைக் காப்பது என்று முன்கூட்டியே முடிவு செய்துவிட வேண்டும். என் வரிசையில் முதலிடம் கடந்த ஓரிரு ஆண்டுகளில் நட்ட மரக்கன்றுகளுக்கு. அடுத்து, பூவும் பிஞ்சுமாக நிற்கும் காய்கறிகள். புல்தரை கடைசி. நன்றாக வேரூன்றிய புல் பழுத்துக் காய்ந்தாலும் பெரும்பாலும் அடியில் உயிரோடு இருக்கும். மழை வந்ததும் துளிர்க்கும். ஒரு பருவத்தில் முடிந்துவிடும் பூச்செடியை மறு ஆண்டு விதைத்துக்கொள்ளலாம். பத்து ஆண்டு வளர்த்த மரத்தை அப்படி மீட்க முடியாது.

நண்பகலில் பூசணி, வெள்ளரி போன்ற அகன்ற இலைச் செடிகள் துவண்டு தொங்கும்போது மனம் பதறும். உடனே குடத்தைத் தூக்கிவிடாதீர்கள். வேர் உறிஞ்சும் வேகத்தைவிட இலை வழியே நீர் வேகமாக வெளியேறுவதால் வரும் தற்காலிக வாட்டம் அது. வெயில் தாழ்ந்ததும் இலைகள் தாமாக நிமிர்ந்தால் மண்ணில் ஈரம் இருக்கிறது என்று பொருள். விடியற்காலையிலும் துவண்டே நின்றால்தான் அது தாகம். அப்போது நேரம் பார்க்க வேண்டாம். பகலில் இலைமேல் விழும் நீர்த்துளி வெயிலைக் குவித்து இலையைப் பொசுக்கிவிடும் என்ற அச்சம் பலருக்கு உண்டு. வழவழப்பான இலைகளில் அப்படி நேர்வதில்லை என்று ஹங்கேரி நாட்டு ஆய்வாளர்கள் 2010ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு காட்டியது. பகலில் ஊற்றுவதன் குறை ஆவியாகி வீணாவது மட்டுமே. வெயிலில் கிடந்த குழாயில் முதலில் வரும் கொதிநீரை மட்டும் ஒரு வாளியில் பிடித்து ஆறவிடுங்கள்.

இந்த உரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பீர்கள் என்றால், அது மூடாக்காக இருக்கட்டும். வெறும் மண் வெயிலில் கிடக்கக் கூடாது. சருகு, வைக்கோல், காய்ந்த புல், விதை கட்டாத களை என எது கிடைத்தாலும் இரண்டு மூன்று அங்குலக் கனத்துக்குப் பரப்பிவிடுங்கள். வெயில் மண்ணை நேரே தாக்காது, காற்று ஈரத்தை வாரிக்கொண்டு போகாது, களையும் முளைக்காது. ஆனால் முதலில் மண்ணை ஆழமாக நனைத்த பிறகே மூட வேண்டும். காய்ந்த மண்ணை மூடினால், சிறு மழை பெய்தாலும் அந்த நீரைச் சருகே குடித்துவிடும். தண்டை ஒட்டிக் குவிக்காமல் நாலு விரல் இடைவெளி விடுங்கள். இல்லையென்றால் தண்டு அழுகும். தோட்டத்துச் சருகைக் கூட்டி எரிப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் ஆறுவதில்லை. மண்ணுக்குக் கோடையில் கொடுக்கக்கூடிய ஒரே நிழலை அல்லவா கொளுத்துகிறோம்!

தொட்டிச் செடிகளின் பாடு தனி. தொட்டியின் பக்கங்களிலும் வெயில் விழுவதால் வேரே சூடாகிறது, கறுப்பு பிளாஸ்டிக் தொட்டியில் இன்னும் மோசம். தொட்டிகளை ஒன்றோடொன்று நெருக்கி வைத்தால் ஒன்றின் நிழல் மற்றதன்மேல் விழும். ஊற்றிய நீர் உடனே அடித்துளை வழியே ஓடிவந்தால் செடி குடித்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். நன்றாகக் காய்ந்த மண் சுருங்கி, தொட்டியின் ஓரத்தில் இடைவெளி விட்டிருக்கும். நீர் அந்த வழியே வழிந்து போயிருக்கும். அத்தகைய தொட்டியை நீர் நிரம்பிய வாளிக்குள், குமிழி வருவது நிற்கும்வரை அமிழ்த்தி வைத்து எடுங்கள்.

கடும் வெயில் முடியும்வரை உரம் வேண்டாம், கவாத்து வேண்டாம். வறண்ட மண்ணில் இடும் ரசாயன உரத்தின் உப்பு வேரைக் கருக்கும். வெட்டினால் வரும் இளந்தளிர் வெயில் தாங்காது. பாதிக் காய்ந்த இலையைக்கூட விட்டுவையுங்கள், கீழே உள்ளதற்கு அது நிழல். பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டும் நாட்களில் தக்காளியில் பூ உதிரும், அதற்கு மருந்து தேட வேண்டியதில்லை. மதிய வெயிலை மறைக்க ஒரு நிழல்வலை கட்டினால் போதும். காயின் அடிப்பக்கம் கறுத்தால், மண்ணில் சுண்ணாம்புச் சத்து இருந்தும் அதைக் காய்வரை கொண்டுசேர்க்கும் நீர் சீராகக் கிடைக்கவில்லை என்பதே பெரும்பாலும் காரணம். இலையின் அடிப்புறத்தையும் பாருங்கள்: வறட்சியில் செஞ்சிலந்தி என்னும் சாறு உறிஞ்சும் சிற்றுயிர் பெருகும். இலையின் அடிப்புறத்தில் நீரைப் பீய்ச்சியடித்தாலே அது வெகுவாகக் குறையும்.

வளர்ந்த மரங்களை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். மரம் உடனே புகார் சொல்வதில்லை. இந்த ஆண்டு வறட்சியின் பாதிப்பு அடுத்த ஆண்டில்கூட, கிளை நுனிகள் பட்டுப்போவதாக வெளிப்படலாம். அடிமரத்தில் ஊற்றுவதால் பயன் குறைவு. நீரை உறிஞ்சும் வேர்கள் கிளைகள் பரந்திருக்கும் எல்லையிலும் அதற்கு அப்பாலும் உள்ளன. அந்த வட்டத்தில் குழாயை மிக மெல்லிய ஒழுக்காகத் திறந்து வைத்து, சில மணி நேரத்துக்கு ஒருமுறை இடம் மாற்றுங்கள். நீர் குறைவாக இருந்தால் மாதத்துக்கு இரண்டு முறை இப்படிச் செய்தாலும் உதவும்.

நன்றி, வணக்கம்.