அந்த 30 ரூபிள்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். செயலை அறமாக்குவது மனமா, விளைவா என்பது கேள்வி. எடுத்துக்கொண்ட நாவல், தஸ்தயேவ்ஸ்கி 1866-இல் எழுதிய 'குற்றமும் தண்டனையும்'. நான் மனத்தின் பக்கம்.

எதிரணி அண்ணன், "மனசை உலையில போட்டா சோறு வேகுமா?" என்று கேட்டுக் கைத்தட்டல் வாங்கிவிட்டார். நான் வேறு நாலு விஷயம் பேச வந்தேன். அதெல்லாம் கிடக்கட்டும். இதற்குப் பதில் சொல்லாமல் இறங்க மாட்டேன்.

அண்ணே, அந்தக் கதையில் உலை வைத்தது யார்?

பீட்டர்ஸ்பர்க்கில் மர்மெலாதோவ் வீடு. அப்பன் குடித்துவிட்டுக் கிடக்கிறான். சிற்றன்னை கத்தெரீனாவுக்குக் காசநோய். மூன்று சின்னப் பிள்ளைகளும் ரொட்டித் துண்டைக் கண்ணால் பார்த்து மூன்று நாள். "தின்கிறாய், குடிக்கிறாய், குளிர்காய்கிறாய்" என்று மூத்தவள் சோனியாவைச் சிற்றன்னை குத்துகிறாள். அதிர்ந்து பேசத் தெரியாத பெண், "அப்போ நான் அந்தக் காரியத்துக்கா போகணும்?" என்று மெல்லக் கேட்கிறாள். "போனால் என்ன, அது பெரிய பொக்கிஷமா?" என்கிறாள் இவள். ஐந்து மணிக்கு மேல் முக்காட்டைப் போட்டுக்கொண்டு கிளம்பியவள், எட்டு மணிக்கு மேல் திரும்புகிறாள். மேசையில் 30 ரூபிளை வைக்கிறாள். ஒரு வார்த்தை இல்லை. பச்சைச் சால்வையால் முகத்தை மூடிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிடுகிறாள். தோள் மட்டும் குலுங்குகிறது.

30 ரூபிள், நடுவர் அவர்களே! திட்டி அனுப்பினாளே அந்தக் கத்தெரீனா, அவளே போய்க் கட்டிலருகே மண்டியிடுகிறாள். அந்தப் பெண்ணின் பாதத்தை முத்தமிட்டபடி அன்று மாலை முழுக்க எழுந்திருக்கவே இல்லை. பிறகு இருவரும் கட்டிக்கொண்டு உறங்கிப் போகிறார்கள். சோறு வந்ததற்கா அவள் மண்டியிட்டாள்? சோறு போட்டவள் எதை இழந்து வந்தாள் என்று தெரிந்ததால் மண்டியிட்டாள்!

இப்போது கணக்குப் போட்டவனைப் பார்ப்போம். ஒரு சாவு, பதிலுக்கு நூறு உயிர் என்று மதுக்கடையில் ஒருவன் பேசியதைக் கேட்டவன், கதையின் நாயகன் ரஸ்கோல்னிகோவ். அவன் மனத்தில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த கணக்கும் அதுதான். அடகுபிடிக்கும் கிழவியைக் கோடரியால் கொன்றான். கணக்கில் இல்லாத லிசவெத்தா, அந்தக் கிழவியின் தங்கை, உள்ளே வந்தாள். அவளையும் கொன்றான். பணப்பையைத் திறந்துகூடப் பார்க்காமல் கல்லுக்கடியில் ஒளித்தான். பின்னால் எண்ணிப் பார்த்தால் 317 ரூபிள், 60 கோபெக். அதில் ஒரு கோபெக்கூட எந்தப் பிள்ளையின் வயிற்றுக்கும் போகவில்லை. மர்மெலாதோவ் வண்டியில் அடிபட்டுச் செத்த அன்று அந்த வீட்டுக்கு அவன் கொடுத்தது, பெற்ற தாய் அனுப்பிய பணம். அதைக் கொடுக்கும்போது அவன் கணக்குப் பார்க்கவில்லை, அண்ணே!

"அவன் கணக்குதான் தப்பு" என்பீர்கள். சரி, லிசவெத்தா வரவே இல்லை, பணமும் ஒழுங்காக ஏழைகளுக்குப் போய்விட்டது என்றே வைத்துக்கொள்வோம். அந்தக் கோடரி வெட்டை அறம் என்று இந்தச் சபை ஒத்துக்கொள்ளுமா?

அவனுக்கு எட்டு வருஷம் சைபீரியா. சோனியாவும் பின்னாலேயே போகிறாள். சக கைதிகளுக்கு அவனைக் கண்டாலே ஆகாது. ஒருமுறை கொல்லவே பாய்ந்தார்கள். அவள் வந்தால் மட்டும் தொப்பியைக் கழற்றுவார்கள். அவள் காசு பணம் கொடுக்கவில்லை. ஒரு கிறிஸ்துமஸுக்குத் தின்பண்டம் அனுப்பினாள், வீட்டுக்குக் கடிதம் எழுதித் தந்தாள், அவ்வளவுதான். அந்த முரட்டு மனிதர்கள் ஒல்லியான அந்தச் சின்னப் பெண்ணை "அம்மா" என்று கூப்பிட்டார்கள். எங்கள் அம்மா என்றார்கள்!

இந்தச் சபையிலும் எத்தனை வீட்டில் ஓர் அக்கா, தன் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டுவிட்டுத் தம்பியைப் படிக்கவைத்திருப்பாள்? தம்பி பரீட்சையில் தோற்றுவிட்டான் என்பதற்காக, அவள் செய்ததற்கு மதிப்பில்லை என்று எழுத, நடுவர் அவர்களே, உங்களுக்கு மனசு வருமா? வணக்கம்.