நோய்க்கு டொராண்டோ பக்கத்து ஊர்: வரைபடத்தை ஒதுக்கிவைக்கும் மென்பொருள்

(திரையில்: உலக வரைபடம். ஹாங்காங்கில் ஒரு சிவப்புப் புள்ளி.)

2003 பிப்ரவரியில், தென்சீனாவின் குவாங்டோங்கிலிருந்து வந்த மருத்துவர் ஒருவர் ஹாங்காங்கின் ஒரு ஹோட்டலில் ஒன்பதாம் மாடியில் தங்கினார். அதே ஹோட்டலில் தங்கியிருந்த சிலர், தங்களுக்குத் தெரியாமலேயே சார்ஸ் என்ற மூச்சுத்தொற்று நோயைச் சுமந்துகொண்டு ஹனோய்க்கும் சிங்கப்பூருக்கும், சுமார் 12,500 கிலோமீட்டர் தொலைவிலுள்ள டொராண்டோவுக்கும் போய்ச் சேர்ந்தார்கள். கனடாவில் 251 பேர் நோயுற்றார்கள். ஹாங்காங்குக்கு அதைவிடப் பல மடங்கு அருகிலிருக்கும் ஜப்பானில் ஒருவருக்குக்கூட அந்த நோய் உறுதிசெய்யப்படவில்லை. ஏன்? இந்தக் கேள்வியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஜப்பானுக்குக் கடைசியில் திரும்புவோம்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நோய் தொற்றக்கூடியவர், நோயைப் பரப்புபவர், அதிலிருந்து மீண்டவர் என்று மக்களை மூன்றாகப் பிரித்துக் கணக்கிடும் முறைக்கு 1927-இல் கெர்மாக்கும் மெக்கென்ட்ரிக்கும் அடித்தளம் இட்டார்கள். நோய் எப்படிப் பரவும் என்று கணிக்கும் இன்றைய மென்பொருள்களின் உள்ளேயும் அந்தக் கணக்குதான் ஓடுகிறது.

(திரையில்: பூமியின் மேல் சதுரக் கட்டங்கள், அவற்றை இணைக்கும் விமானப் பாதைகள்.)

அவற்றுள் பெயர்பெற்றது கிளீம்விஸ். இயற்பியலாளர் அலெசாண்ட்ரோ வெஸ்பின்யானியின் குழுவினர் அமெரிக்காவிலும் இத்தாலியின் துரின் நகரிலும் இருந்து உருவாக்கிய இந்த மென்பொருள், பூமியைச் சுமார் 25 கிலோமீட்டர் பக்கமுள்ள கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எத்தனை பேர் வாழ்கிறார்கள் என்று குறித்துக்கொண்டு, அவற்றை விமான நிலையங்களைச் சுற்றி 3,000-க்கும் மேற்பட்ட தொகுதிகளாகச் சேர்க்கிறது. தொகுதிகளுக்கு இடையே விமானப் பயணிகளையும் அன்றாடம் வேலைக்குப் போய்வருபவர்களையும் ஓடவிட்டு, நோய் எங்கே தொடங்குகிறது, எவ்வளவு வேகமாகத் தொற்றுகிறது என்று நாம் கொடுத்தால், நாள்தோறும் அது எங்கெங்கே போகும் என்பதை வரைபடத்தின்மேல் காட்டுகிறது.

அப்படி ஒரு வரைபடத்தைப் பார்த்தால் முதலில் குழப்பமே மிஞ்சும்: இங்கொரு புள்ளி, அங்கொரு புள்ளி, எந்த ஒழுங்கும் தெரியாது. பதினான்காம் நூற்றாண்டில் ஐரோப்பாவை அழித்த கொள்ளைநோய் நாளுக்குச் சில கிலோமீட்டர் என்ற வேகத்தில் அலையாக நகர்ந்தது. இன்றைய நோய்க்கு அந்த அலை எங்கே போயிற்று?

அலை எங்கும் போகவில்லை, நாம்தான் தவறான அளவுகோலை வைத்துக்கொண்டு அதைத் தேடுகிறோம் என்று 2013-இல் டிர்க் பிராக்மன், டிர்க் ஹெல்பிங் என்ற இரு ஆய்வாளர்கள் காட்டினார்கள். நான் படித்தவற்றுள் இதைவிட அழகான கணக்கைக் கண்டதில்லை, ஆகவே இங்கே சற்று நின்று பார்ப்போம். ஓர் ஊரிலிருந்து கிளம்புகிறவர்களில் எத்தனை பங்கினர் இன்னோர் ஊருக்குப் போகிறார்கள் என்று எடுத்துக்கொண்டு, அந்தப் பங்கின் இயல் மடக்கையை (natural logarithm) 1-லிருந்து கழித்தால் வருவது ‘பயனுறு தூரம்’. எல்லோரும் ஒரே ஊருக்குப் போனால் தூரம் 1. பாதிப் பேர் போனால் 1.69. நூற்றில் ஒருவர் போனால் 5.6. ஆயிரத்தில் ஒருவர்தான் போகிறார் என்றால் 7.9. கிலோமீட்டருக்கு இதில் இடமே இல்லை.

இந்தத் தூரம் போகும்போது ஒன்றாகவும் திரும்பும்போது வேறொன்றாகவும் இருக்கிறது! ஒரு சிறு தீவிலிருந்து ஒரே ஒரு பெருநகரத்துக்குத்தான் விமானம் உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். தீவிலிருந்து நகரத்துக்குத் தூரம் 1. நகரத்திலிருந்து கிளம்புகிறவர்களில் ஆயிரத்தில் ஒருவரே தீவுக்குப் போவதால், அங்கிருந்து தீவுக்கு 7.9. தீவில் தோன்றிய நோய் நகரத்தை எளிதில் அடைந்துவிடும். நகரத்தில் தோன்றிய நோய் தீவைக் கண்டுபிடிக்க நாளாகும்.

(திரையில்: புள்ளிகள் இடம்மாறி, வட்டமாக விரியும் அலை.)

நோய் தோன்றிய ஊரை நடுவில் வைத்து, மற்ற ஊர்களை இந்தத் தூரப்படி சுற்றிலும் அடுக்கினால், சிதறிக் கிடந்த புள்ளிகள் குளத்தில் கல்லெறிந்தாற்போல வட்ட அலையாக விரிகின்றன. 2003-இன் சார்ஸுக்கும் 2009-இன் எச்1என்1 காய்ச்சலுக்கும் இது பொருந்திற்று. வேறெந்த ஊரை நடுவில் வைத்தாலும் வட்டம் கோணிப்போகும் என்பதால், தோன்றிய இடம் தெரியாத நோய்க்கு அதைத் தேடவும் இதே வழி உதவுகிறது.

அப்படியானால் விமானங்களை நிறுத்திவிட்டால் போதாதா? பத்துப் பயணிகளில் ஒன்பது பேரைத் தடுக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். நோயாளிகளின் எண்ணிக்கை பத்து மடங்கானதும் பழைய ஆபத்து திரும்பிவிடும். மூன்று நாளுக்கு ஒருமுறை இரட்டிக்கும் நோய் பத்து மடங்காக ஏறத்தாழப் பத்து நாள் போதும். நூற்றில் தொண்ணூற்றொன்பது பேரைத் தடுத்தாலும் கிடைப்பது இருபது நாள்தான். கொரோனாவைத் தடுக்க 2020 ஜனவரி 23 அன்று வூஹான் நகரம் மூடப்பட்டதை, கிளீம்விஸின் அடிப்படையான கிளீம் மாதிரியைக் கொண்டு ஆராய்ந்தபோது, சீனாவின் மற்ற பகுதிகளில் நோய் 3 முதல் 5 நாள் மட்டுமே தாமதப்பட்டது என்றும், வெளிநாடுகளுக்குப் போன தொற்று பிப்ரவரி நடுப்பகுதி வரை சுமார் 80 சதவீதம் குறைந்தது என்றும் தெரிந்தது. கிடைத்த அந்த நாள்களில் பரிசோதனையும் மருத்துவமனையும் தயாரானால்தான் தடைக்குப் பயன் உண்டு என்பது என் உறுதியான கருத்து.

இப்போது ஜப்பான். ஹாங்காங்கிலிருந்து அங்கே ஏராளமானோர் பறக்கிறார்கள். பயனுறு தூரத்திலும் அது அருகில்தான். ஆனால் தொடக்கத்தில் நோயாளிகள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவே இருக்கும்போது, அவர்களில் ஒருவர் எந்த விமானத்தில் ஏறினார் என்பதே ஒரு நாட்டின் கதையை மாற்றிவிடும். அதனால்தான் கிளீம்விஸ், தொடக்க நிலையை மாற்றாமலேயே, தற்செயலை மட்டும் ஒவ்வொரு முறையும் புதிதாக உருட்டிவிட்டுப் பல தடவை ஓட்டிப் பார்த்து, நடு மதிப்பையும் அதன் இருபுறமும் எவ்வளவு விலகலாம் என்பதையும் சேர்த்துத் தருகிறது. யாராவது ஒரு சிவப்பு வரைபடத்தைப் பகிர்ந்து, இதுதான் நடக்கப்போகிறது என்று சொன்னால், அது எத்தனை ஓட்டங்களில் எடுத்த முடிவு என்று அவரிடம் கேளுங்கள். கிடைத்த பதிலைக் கீழே கருத்துப் பகுதியில் எழுதுங்கள்.